லாபம் இருந்தது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் இல்லை

காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்கு இது. 2018-19ல் 2.92 கோடியாக இருந்த விற்பனை 2023-24ல் 4.38 கோடி ஆனது. கொரோனா வருடத்தில்கூட நஷ்டம் வரவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் சனிக்கிழமை நெருங்கினாலே வயிற்றைப் பிசையும். அச்சுப் போடுகிறவர்கள், கலவைக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாருக்கும் வாரச் சம்பளம். சிசி லிமிட் (அன்றாடச் செலவுக்கு வங்கி தரும் கடன் வரம்பு) கழுத்துவரை நிரம்பியிருக்கும். ஆடிட்டரைக் கேட்டால் லாபம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார். வங்கியில் கேட்டால் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (மாதச் சரக்கு, பாக்கிக் கணக்கு) எங்கே என்பார்கள். ஆர்டர் பிடிக்கிறவர்கள் பெங்களூரில் இன்னொரு ஹோட்டல் கிடைத்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொல்வார்கள். மூவர் சொன்னதும் உண்மை. பணம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. வெளியே சொன்னால் கம்பெனி ஆடுகிறது என்று பேச்சாகிவிடும் என்ற பயத்தில் பேரேட்டோடு தனியாக உட்கார்ந்த ராத்திரிகள் கொடுமையானவை. இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து எதை எதால் வகுக்க வேண்டும் என்று தெரியவேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

பதில் இருந்த இடம் கேஷ் கன்வெர்ஷன் சைக்கிள். பணச் சுழற்சி நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மூட்டை வெள்ளை சிமென்டுக்குக் கொடுத்த ரூபாய் டைல்ஸ் கல்லாகி, பில்லாகி, மறுபடி ரூபாயாகக் கைக்கு வர எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. எங்கள் தொழிலில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையால் அடைத்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, திரும்பக் காயவைத்து எடுக்கிறோம். சூளை கிடையாது. எடுத்த கல் யார்டில் நிற்கும், லாரி ஏறும், பில் போகும், பாக்கி நிற்கும். சரக்கு நிற்கும் நாட்களையும் வசூலாகும் நாட்களையும் கூட்டி, நாம் சப்ளையருக்குக் கடன் சொல்லும் நாட்களைக் கழித்தால் சுழற்சி நாட்கள். சூத்திரம் ஒரே வரி. அதில் போடும் எண்களைச் சரியாக எடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் சிக்கல் சரக்கு நாட்களில் வரும். கையில் உள்ள சரக்கை ஒரு நாள் உற்பத்திச் செலவால் வகுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் விற்ற சரக்கின் அடக்கவிலை என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிச் சட்டத்தின் ஷெட்யூல் 3 படி போடும் லாப நட்டக் கணக்கில் அந்த வரியே கிடையாது. செலவுகள் இயல்பு வாரியாகத்தான் இருக்கும்: மூலப்பொருள் நுகர்வு, சரக்கிருப்பில் மாற்றம், ஊழியர் செலவு, இதர செலவு என்று. அடக்கவிலையை நாமேதான் கட்ட வேண்டும். மூலப்பொருள் நுகர்வோடு சரக்கிருப்பு மாற்றத்தைச் சேருங்கள் (இருப்பு கூடியிருந்தால் கழியும்). ஊழியர் செலவிலிருந்து பட்டறைக் கூலியை மட்டும் பிரித்தெடுங்கள்; ஆபீஸ் சம்பளம் வேண்டாம். இதர செலவிலிருந்து கரண்ட், உள்வரும் லாரி வாடகை, அச்சு பழுது இவற்றையும், தேய்மானத்தில் பட்டறைக்கு உரியதையும் எடுங்கள். கொள்முதல் எண்ணும் நேராகக் கிடைக்காது. நுகர்வோடு கடைசி மூலப்பொருள் இருப்பைக் கூட்டி ஆரம்ப இருப்பைக் கழித்தால் வரும். எந்தச் செலவைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்து எல்லா வருடத்துக்கும் அதையே பின்பற்ற வேண்டும். ஒரு வருடம் கரண்டைச் சேர்த்து அடுத்த வருடம் விட்டால், வருகிற வித்தியாசம் தொழிலுடையதா நம் கைப்பழக்கமா என்று தெரியாமல் போகும். வகுக்கும் நாளும் அப்படித்தான். லீப் வருடம் என்று 366 போட வேண்டாம், எல்லாவற்றுக்கும் 365.

இரண்டாவது சிக்கல் ஜிஎஸ்டி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. லாப நட்டக் கணக்கில் விற்பனை என்பது ஜிஎஸ்டி நீக்கிய தொகை. ஐந்தொகையில் நிற்கும் பாக்கியில் வரியும் சேர்ந்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 18 சதவீதம் கூடுதலாக வரும். எங்கள் 2023-24 கணக்கில் வரியோடு வகுத்தால் வசூல் நாட்கள் 92, வரியை நீக்கினால் 78. பதினான்கு நாள் வித்தியாசம், வெறும் வகுத்தல் கோளாறால். கொள்முதல் பக்கமும் இதே கதைதான், அங்கே வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால் பில் வாரியாகத்தான் நீக்க முடியும். 2017 ஜூலைக்கு முந்தைய வருடங்களோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அப்போதைய வரி அமைப்பே வேறு. வரியைச் சூத்திரத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்பதால் பையிலிருந்து போகாமல் இருக்காது. பில் போட்டால் பாக்கி வந்ததோ இல்லையோ மறுமாதம் வரி கட்டியாக வேண்டும். நூற்றுப் பத்து நாள் கழித்துக் காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்காக அவருடைய வரியை இரண்டு மாதத்துக்கும் மேல் நாம்தான் சுமக்கிறோம். சுழற்சி நாட்களில் இது தெரியாது, தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மார்ச் 31 என்ற ஒரே நாள். வருடக் கடைசியில் பில்லைத் தள்ளிவிடுவதால் அன்று சரக்கு குறைந்தும் பாக்கி கூடியும் நிற்கும். எங்களுக்கு 2024 மார்ச் 31 அன்று சரக்கு 58 லட்சம். ஆனால் ஏப்ரல் தொடக்க இருப்பையும் பன்னிரண்டு மாதக் கடைசி இருப்புகளையும் கூட்டிப் பதின்மூன்றால் வகுத்தால் 72 லட்சம். நாளில் சொன்னால் 64க்கும் 80க்கும் உள்ள தூரம். இங்கே பருவமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய்வது தாமதமாகும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுமனை புகுவதில்லை. தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்தைய மாதங்களில் கல் பறக்கும். புதுவயல் அரிசி ஆலைக்காரர்களைக் கேட்டால் நேரெதிராகச் சொல்வார்கள். தை, மாசியில் சம்பா நெல் வாங்கிக் குவித்திருப்பதால் அவர்களுக்கு மார்ச் இருப்புதான் உச்சம். ஆகவே மாதச் சராசரியைத் தவிர வேறு வழியில்லை. தரவுக்கு அலைய வேண்டாம், வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டின் நகல்கள் போதும். ஆனால் அதையும் டாலி கணக்கு மென்பொருளோடு ஒத்துப்பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள், சில கம்பெனிகளில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். 2021 ஏப்ரல் முதல், வங்கியில் கொடுத்த கணக்கும் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

இப்படிச் சுத்தம் செய்த பிறகு வந்த எண்களைப் பார்த்ததும் கை நடுங்கியது. 2018-19ல் சரக்கு 45 நாள், வசூல் 30 நாள், சப்ளையர் கடன் 40 நாள், ஆக 35 நாள் சுழற்சி. 2021-22ல் 65, 52, 40, சுழற்சி 77. 2023-24ல் 80, 78, 35, சுழற்சி 123. இடையில் 2020-21 இருக்கிறது. ஊரடங்கில் விற்பனை விழுந்து பழைய பாக்கி அப்படியே நின்றதால் நாட்கள் எகிறியிருக்கும். அந்த வருடத்தைத் தாளில் வையுங்கள், ஆனால் அதிலிருந்து கோடு இழுக்காதீர்கள். அதிலிருந்து தொடங்கினால் அடுத்த வருடம் ஏதோ பெரிய முன்னேற்றம் போலத் தோன்றும், அது பொய்த் தோற்றம்.

நாட்களைக் கூட்டிக் கழிப்பதில் ஒரு கோணல் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சரக்கு நாள் என்பது அடக்கவிலையின் ஒரு நாள், 2023-24ல் அது 90,000 ரூபாய். வசூல் நாள் என்பது விற்பனையின் ஒரு நாள், 1,20,000 ரூபாய். சப்ளையர் நாள் என்பது கொள்முதலின் ஒரு நாள், வெறும் 50,000 ரூபாய். கையால் செய்யும் தொழிலில் கூலி பெரிய பங்கு, கூலிக்குக் கடன் கிடையாது. அதனால்தான் கொள்முதல் அவ்வளவு சின்னது. மூன்று வேறு அளவுகோல்களைச் சேர்த்துப் போட்ட 123 ஒரு எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். முடிவெடுக்க ரூபாய் வேண்டும். இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் வைத்தாலே ஒரு விஷயம் தெரிந்துவிடும். சிமென்ட் கடைக்காரரை ஒரு நாள் கூடக் காக்கவைத்தால் கிடைப்பது அரை லட்சம். பாக்கியை ஒரு நாள் முன்னால் வாங்கினால் கிடைப்பது 1.2 லட்சம். பணமுடை வந்ததும் எல்லாரும் முதலில் சப்ளையரைத்தான் இழுத்தடிக்கிறார்கள். இருக்கிற மூன்று வழியில் பலன் குறைந்தது அதுதான், மரியாதையும் போகும்.

ரூபாயில் பார்ப்போம். 2018-19ல் சரக்கில் 27 லட்சம், பாக்கியில் 24 லட்சம், சப்ளையர் தந்தது 12 லட்சம். நிகரமாகத் தொழிலில் நின்றது 39 லட்சம். 2023-24ல் சரக்கு 72, பாக்கி 93.6, சப்ளையர் 17.5, நின்றது 148.1 லட்சம். கூடுதல் 109.1 லட்சம். வியாபாரம் பெருகினால் பணமும் கூட நிற்கத்தானே செய்யும் என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு பெருக்கத்தால், எவ்வளவு நீட்சியால் என்று பிரிப்பது சுலபம். 2023-24ன் ஒரு நாள் தொகைகளைப் பழைய நாட்களால் பெருக்குங்கள். 45 நாள் சரக்கு 40.5 லட்சம், 30 நாள் பாக்கி 36 லட்சம், 40 நாள் சப்ளையர் கடன் 20 லட்சம். நிகரம் 56.5 லட்சம். அதாவது விற்பனை ஒன்றரை மடங்கு ஆனதற்காக நியாயமாகத் தேவைப்பட்டது 17.5 லட்சம் மட்டுமே. மீதி 91.6 லட்சம் சுழற்சி நீண்டதால் மாட்டிக்கொண்டது: பாக்கியில் 57.6, சரக்கில் 31.5, சப்ளையர் கடன் சுருங்கியதில் 2.5. இந்த ஐந்து வருடமும் வரி போகச் சேர்ந்த லாபம் மொத்தம் 87 லட்சம். ஐந்து வருடம் ஒரு பட்டறையே வெயிலில் நின்று சம்பாதித்தது முழுக்க யார்டிலும் மற்றவர்கள் கையிலும் கிடக்கிறது, அதற்கும் மேலே நாலரை லட்சம் கடன் வாங்கிப் போட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. வட்டியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி 91.6 வரை ஏறியதால் சராசரி 46 லட்சம், 11 சதவீதம், ஐந்து வருடம்: 25 லட்சத்துக்கு மேல். அது திரும்பி வராத பணம்.

அடுத்து ஒவ்வொரு கிளையையும் உடைத்துப் பார்க்க வேண்டும். சரக்கை மூலப்பொருள், தொட்டியில் ஊறுவதும் காய்வதும், தயாரான கல் என்று மூன்றாகப் பிரியுங்கள். மூலப்பொருளை அதன் ஒரு நாள் நுகர்வாலும் மற்ற இரண்டையும் அடக்கவிலையின் ஒரு நாளாலும் வகுக்க வேண்டும். எங்களுக்கு மூலப்பொருள் அன்றும் 30 நாள், இன்றும் 30 நாள். தொட்டியில் இருப்பது அன்றும் இன்றும் 5 நாள். சிமென்டைப் பொறுத்தவரை 30 நாளே தாராளம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று மூன்று மாதத்துக்குமேல் அடுக்கிவைத்தால் வலு போய்விடும். தயாரான கல்தான் 25 நாளிலிருந்து 58 நாளாக ஏறியிருந்தது. யார்டில் இறங்கிச் சுண்ணாம்பால் தேதி போட்டுப் பார்த்தபோது காரணம் இரண்டு. ஒன்று, கலர் ஒவ்வொரு கலவைக்கும் நூலிழை மாறும் என்பதால் உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து ஆர்டருக்கு மேல் பத்து சதவீதம் வரை கூடுதலாகப் போடுவது வழக்கம். வீட்டுக்காரர் கொடுக்கும் டிசைன் அடுத்தவருக்குப் பொருந்தாது, மிச்சம் மிச்சமாகவே நிற்கும். இரண்டாவது இன்னும் பெரியது. ஹோட்டல் போன்ற பெரிய கட்டிடங்களின் புராஜெக்ட் ஆர்டர்களில் தேதி வாங்கிக் கல்லைப் போட்டு முடித்தால் தளம் தயாராகியிருக்காது. சைட்டில் வைக்க இடமில்லை, உங்கள் யார்டிலேயே இருக்கட்டும் என்பார்கள். பில்லும் போட முடியாது, கல்லையும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

வசூல் பக்கம்தான் மனசை மாற்றியது. 30 நாள் 78 ஆனதைப் பார்த்ததும் வசூல் பார்க்கும் தம்பியைத்தான் எல்லாரும் திட்டினார்கள். வாடிக்கையாளரை இரண்டு பிரிவாக உடைத்தபோது வேறு கதை வந்தது. 2018-19ல் வீட்டுக்காரர்களுக்கு விற்றது 220 லட்சம், பாக்கி 4.3 லட்சம், 7 நாள். புராஜெக்ட்டுகளுக்கு விற்றது 72 லட்சம், பாக்கி 19.7 லட்சம், 100 நாள். 2023-24ல் வீட்டுக்காரர்கள் 138 லட்சம், பாக்கி 3.6 லட்சம், 10 நாள்கூட இல்லை. புராஜெக்ட் 300 லட்சம், பாக்கி 90 லட்சம், 110 நாள். புராஜெக்ட்காரர்கள் முன்பும் நூறு நாள்தான் எடுத்துக்கொண்டார்கள், விற்பனையில் அவர்கள் பங்கு 25 சதவீதத்திலிருந்து 68 சதவீதம் ஆனதுதான் மாறியது. 78 நாள் என்பது நிஜத்தில் எந்த வாடிக்கையாளருடைய எண்ணும் இல்லை. அந்தத் தம்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார், திட்டு வாங்கியது அநியாயம். எந்தக் கம்பெனியை ஆராய்ந்தாலும் நாட்கள் கூடும்போது முதலில் கேட்க வேண்டியது, வாடிக்கையாளர் மெதுவானார்களா, இல்லை மெதுவான வாடிக்கையாளர் அதிகமானார்களா என்பதுதான். இரண்டுக்கும் மருந்து வேறு.

பாக்கியின் வயதையும் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று நின்ற 102 லட்சத்தில் 45 நாளுக்குள் 46, 90 நாளுக்குள் 25, ஆறு மாதத்துக்குள் 15, அதற்கு மேல் 16 லட்சம். அந்தப் பதினாறில் 7 லட்சம் ரிடென்ஷன், அதாவது குறை வந்தால் சரிசெய்வதற்காக ஒரு வருடம் பிடித்துவைக்கும் 5 சதவீதம். ரிடென்ஷனைத் தனித் தலைப்பில் வைக்க வேண்டும், அது வசூல் தாமதம் இல்லை, ஒப்பந்தத்தின் விலை. வயதுப் பட்டியல் எடுக்கும் முன் டாலியில் பில் வாரியாக வரவு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வந்த பணத்தையெல்லாம் எந்தப் பில்லோடும் சேர்க்காமல் ஆன் அக்கவுன்ட்டில் போட்டிருந்தால் தீர்ந்த பில்லும் வயதாகிக்கொண்டே நிற்கும், பட்டியலே குப்பையாகிவிடும். இதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் போனது. வெளிக் கம்பெனி ஒன்றைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி, 2021-22 முதல் ஷெட்யூல் 3 படி பாக்கியின் வயதுப் பட்டியலை அறிக்கையிலேயே கொடுத்தாக வேண்டும். அங்கே இன்னொன்றும் தேடுங்கள்: பில்லை டிஸ்கவுன்ட் செய்து, அதாவது கழிவு கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கியிருந்தால் வசூல் நாட்கள் அழகாகக் குறைந்திருக்கும். அந்தத் தொகையைத் திரும்பக் கூட்டித்தான் பழைய வருடங்களோடு ஒப்பிட வேண்டும்.

சூத்திரத்தில் இடமே இல்லாத ஒன்று வாடிக்கையாளர் முன்பணம். ஐந்தொகையில் இதர நடப்புப் பொறுப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். வீட்டுக்காரர் பாதிப் பணம் கொடுத்துத்தான் ஆர்டர் போடுவார், மீதியை லாரி ஏறும் முன் கொடுப்பார். 2018-19ல் சராசரி முன்பணம் 12 லட்சம், விற்பனையில் 15 நாள். 2023-24ல் 6 லட்சம், 5 நாள். அதையும் கழித்தால் உண்மையான சுழற்சி 20 நாளிலிருந்து 118 நாளுக்குப் போயிருக்கிறது. ஆர்டர் பேரில் செய்யும் எந்தத் தொழிலிலும் முன்பணத்தை நான்காவது கிளையாக வைத்தே பார்க்க வேண்டும். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து வாங்கும்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். முன்பணம் கேட்கத் தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையர் நாட்கள் 40லிருந்து 35 ஆனதற்குப் பாதிக் காரணம் நம்மேல் நம்பிக்கை குறைந்து கடைக்காரர் கெடுவைச் சுருக்கியது. மீதி 1961ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து 2023-24 கணக்கிலேயே பிடித்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். வெறும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது என்பதால் சிமென்ட் கடைக்காரர் இதற்குள் வரமாட்டார். அச்சு செய்து தருகிறவர் வருவார். எந்தக் கம்பெனியின் 2023-24 கணக்கிலும் சப்ளையர் நாட்கள் திடீரென்று விழுந்திருந்தால் பலவீனம் என்று எழுதிவிடாமல் இந்தச் சட்டத்தை முதலில் நினையுங்கள்.

வங்கி ஏன் கைவிட்டது என்பதும் இதே கணக்கில் தெரியும். எங்கள் சாங்ஷன் கடிதப்படி (கடன் அனுமதிக் கடிதம்) சப்ளையர் கடன் போக மிஞ்சும் சரக்குக்கு 25 சதவீத மார்ஜின், அதாவது நாம் போட வேண்டிய பங்கு, 90 நாளுக்குட்பட்ட பாக்கிக்கு 40 சதவீத மார்ஜின், அதற்கு மேற்பட்ட பாக்கிக்கு ஒன்றுமில்லை. ஒரே அளவுகோலுக்காக ஜிஎஸ்டி நீக்கியே போடுகிறேன். மார்ச் 31ல் சரக்கு 58, சப்ளையர் கடன் 15, மிச்சம் 43ல் முக்கால் பங்கு 32.25. பாக்கி 71ல் 60 சதவீதம் 42.6. டிராயிங் பவர், அதாவது வங்கி எடுக்க விடும் தொகை, ஏறக்குறைய 75 லட்சம். தொழிலில் நின்றதோ 145 லட்சம். மீதி 70 லட்சம் சொந்தப் பணம், வீட்டுப் பத்திரம், நகை. சுழற்சி நீள நீள வங்கி பங்கு கூடாது, நம் பங்குதான் கூடும். பழுத்த பாக்கி ஒவ்வொன்றும் 90 நாளைத் தாண்டும் அன்று லிமிட்டிலிருந்தும் கழிகிறது. இரட்டை அடி.

நம் ஊருக்கு இது புதிதில்லை. பர்மாவில் நகரத்தார் கடைகள் கொடுத்த கடன், 1930களின் விலை வீழ்ச்சியில் திரும்பாமல் நெல் வயலாக வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938ல் 25 சதவீதம். புத்தகத்தில் சொத்து பெருகியது, கையில் புரளும் பணம் வற்றியது. பேரேடும் ஐந்தொகையும் அவ்வளவு நேர்த்தியாக எழுதியவர்களுக்கே நடந்தது என்று நினைத்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

செய்தவற்றில் பலன் தந்த வரிசையிலேயே சொல்கிறேன். புராஜெக்ட் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம் இல்லாமல் அச்சில் கை வைப்பதில்லை. மொத்தமாக அனுப்பாமல் லாட் லாட்டாக, முதல் லாட் பணம் வந்தால்தான் மூன்றாவது லாட் லாரி ஏறும். எல்லாப் பில்லிலும் உத்யம் எண்ணை (குறு, சிறு நிறுவனப் பதிவு எண்) அச்சடித்தோம். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) கொடுக்காவிட்டால் 2006ம் வருடச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அப்போது பேங்க் ரேட் 6.75, ஆக வருடத்துக்கு 20.25 சதவீதம். இதைக் கணக்குப் போட்டுப் பெரிய பாக்கிக்காரர்களுக்கு மரியாதையான கடிதமாக அனுப்பியதுமே பாதி நகர்ந்தது. நகராததற்கு, குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் மனு போட்டோம். அப்படியும் 6 லட்சத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது, வலித்தது. மிச்சக் கற்களைப் பல டிசைன் கலந்து ஒரே தளமாகப் பதிக்கும் பாணிக்கு அடக்கவிலையில் கொடுத்தோம். புதுப் புராஜெக்ட் ஆர்டர் சிலவற்றை விட்டதால் விற்பனை வளரவில்லை, 4.38 கோடியிலேயே நின்றது. அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது.

2024-25ல் சரக்கு 62, வசூல் 56, சப்ளையர் 38. சுழற்சி 80 நாள். ரூபாயில் 55.8ம் 67.2ம் கூட்டி 19 கழித்தால் 104 லட்சம். ஒரு பைசா கூடுதல் விற்பனை இல்லாமல் 44 லட்சம் திரும்பி வந்தது. வந்த பணத்தில் முதலில் செய்தது, ரொக்கமாகக் கொடுத்தால் 2 சதவீதம் குறைக்கும் சப்ளையர்களுக்கு உடனே கொடுத்தது. 35 நாள் தள்ளிக் கொடுப்பதற்காக 2 சதவீதத்தை விடுவது வருடத்துக்கு 21 சதவீத வட்டிக்குச் சமம். 11 சதவீத வங்கிப் பணம் இருக்கும்போது அப்படிக் கடன் சொல்வதில் அர்த்தமில்லை. இதனால் அடுத்த வருடம் சப்ளையர் நாட்கள் குறைந்து சுழற்சி கூடியதாகத் தெரியும், அந்தக் கூடுதலைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரே தாளில் ஒரு வரி: மூலப்பொருள், தொட்டி, தயார் கல், வீட்டுப் பாக்கி, புராஜெக்ட் பாக்கி, ரிடென்ஷன், முன்பணம், சப்ளையர், நாளிலும் ரூபாயிலும். பக்கத்தில் போன வருடம் அதே மாதத்தின் எண். போன மாதத்தோடு ஒப்பிட்டால் மழையும் முகூர்த்தமும் குழப்பும். தயார் கல் 58 நாளிலிருந்து 42க்கு வந்திருக்கிறது. பழைய 25க்குப் போக இன்னும் 17 நாள், நாளுக்கு 90,000 வீதம் 15.3 லட்சம். அதற்காக, அச்சுப் போடும் முன் சைட்டில் தளம் சமன் செய்து முடிந்ததா என்று ஆள் அனுப்பிப் படம் எடுத்து வரச் சொல்கிறோம். படம் வராத ஆர்டருக்குக் கலவை கரைப்பதில்லை.